விரல் நேரானால் போதுமா? கால்விரல் கோணல் வைத்தியமும் பாத அழுத்தமும்: முழுமையான வழிகாட்டி

வாசலில் கிடக்கும் பழைய ஹவாய் செருப்பைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஆறேழு மாதம் போட்ட செருப்பாக இருந்தால் உங்கள் பாதத்தின் வரவு செலவு முழுக்க அதில் இருக்கும். ஒழுங்கான பாதம் என்றால் குதிகாலில் ஒரு வட்டக் குழி, விரல்களுக்குப் பின்னால் அகலமான தேய்மானம், பெருவிரல் இடத்தில் முட்டை வடிவில் ஒரு பளபளப்பு. பெருவிரல் பக்கத்து விரல்மேல் சாய்ந்தவரின் செருப்பில் அந்த முட்டை மங்கலாகத் தெரியும். இரண்டாம் விரலின் அடியில் ரப்பர் பள்ளம் விழுந்திருக்கும். விரல்கள் மடங்கிப்போனவரின் செருப்பில் நுனிப்பக்கம் சின்னச் சின்னக் குழிகள், ஈர மண்ணில் விரலால் குத்தியது போல.

சேலம், ஏற்காடு பக்கத்து வாசகர்களை மனதில் வைத்து எழுதிய இந்த வழிகாட்டியில், இந்தக் குழிகள் எங்கே இருக்கின்றன, வைத்தியத்துக்குப் பிறகு எங்கே போகின்றன என்று பார்ப்பதுதான் விஷயமே. விரலை நேராக்கிவிடலாம், எக்ஸ்ரேயும் அழகாக வரும். ஆனால் உடம்பின் எடை எங்காவது இறங்கித்தானே ஆக வேண்டும்? ஓர் எலும்பிலிருந்து இறக்கிய பாரம் பெரும்பாலும் பக்கத்து எலும்பில் ஏறிக்கொள்ளும். “ஆபரேஷன் நல்லாத்தான் ஆச்சு, இப்ப பக்கத்துல வலிக்குது” என்று திரும்பி வருபவர்களிடம் அடிக்கடி நடந்திருப்பது இதுதான்.

ஓர் அடி வைக்கும்போது நடப்பது

ஒரு கால் தரையில் பட்டதிலிருந்து அதே கால் மறுபடி படும்வரை ஒரு நடைச் சுற்று. அதில் சுமார் 60 சதவீத நேரம் பாதம் தரையில், 40 சதவீதம் காற்றில். தரையில் இருக்கும் நேரத்தின் பின்பாதியில் குதிகால் எழும்பும். அப்போது எடை முழுவதும் பாதத்தின் முன்பகுதிக்கு வந்துவிடும். கடைசியாகத் தரையை உந்திவிட்டுக் கிளம்புவது பெருவிரல்.

அப்படிக் கிளம்ப வேண்டுமானால் பெருவிரலின் அடிமூட்டு, அதாவது விரல் பாதத்தோடு சேரும் மூட்டு, மேல்பக்கமாக நன்றாக மடங்க வேண்டும். நல்ல மூட்டைக் கையால் மடக்கினால் 60 பாகைக்கு மேல் போகும். மூட்டு மடங்கும்போது உள்ளங்காலில் குதிகாலிலிருந்து விரல்வரை ஓடும் தடித்த நார்ப்பட்டை மூட்டைச் சுற்றி இழுபடும், கிணற்று ராட்டினத்தில் கயிறு சுற்றுவது போல. அந்த இழுப்பில் பாதத்தின் வளைவு உயர்ந்து, தொளதொளவென்று இருந்த பாதம் கட்டையாக இறுகும். இதை 1954இல் ஹிக்ஸ் என்ற மருத்துவர் விளக்கினார். இன்றும் பெருவிரல் வைத்தியத்துக்கு இதுவே அடிப்படை. பெருவிரல் சாய்ந்தாலோ மூட்டு இறுகினாலோ ராட்டினம் சுற்றாது. உந்தும் வேலை இரண்டாம், மூன்றாம் விரல்களின் அடிக்குப் போய்விடும்.

பாடப்புத்தகக் கணக்கு ஒன்று உண்டு. நிற்கும்போது முன்பாதத்துக்கு வரும் எடையை 6 பங்காக்கினால் பெருவிரலும் அதன் பின்னால் பாதத்தில் ஓடும் நீள எலும்பும் சேர்ந்த பெருவிரல் வரிசைக்கு 2 பங்கு, மற்ற நாலுக்கும் தலைக்கு ஒன்று. நடக்கும்போது இது ஆளுக்கு ஆள் மாறும் என்றாலும், பெருவிரல் வரிசை வேலையை விட்டால் ஒல்லியான இரண்டாம் எலும்புக்கு எவ்வளவு பாரம் சேரும் என்பதை இதை வைத்து ஊகித்துக்கொள்ளலாம்.

சின்ன விரல்கள் சும்மா இல்லை. அவை தரையை அழுத்திப் பிடித்தால் விரலடி எலும்புத் தலைகளில், அதாவது விரல் தொடங்கும் இடத்தில் பாத எலும்புகள் முடியும் உருண்ட முனைகளில், பாரம் குறையும். விரல் மடங்கி அடிமூட்டு மேலே தூக்கிக்கொண்டால் இரண்டு கேடு ஒன்றாக வரும். எலும்புத் தலை கீழ்நோக்கி அழுத்தப்படும். அதற்கு மெத்தையாக இருந்த கொழுப்புத் திட்டு விரலோடு சேர்ந்து முன்னால் நகர்ந்துவிடும். மெத்தையை உருவிய கட்டிலில் படுப்பது போன்ற நிலை.

எந்தக் கோணல் உங்களுடையது

பெருவிரல் மற்ற விரல்கள் பக்கம் சாய்ந்து, அடிமூட்டு உள்பக்கம் புடைத்து நிற்பது ஒருவகை. டாக்டர் ‘பனியன்’ என்று சொன்னால் திருப்பூர்ச் சரக்கை நினைத்துக் குழம்ப வேண்டாம், இந்தப் புடைப்பைத்தான் சொல்கிறார். நின்றபடி எடுத்த எக்ஸ்ரேயில் சாய்வு 15 பாகைக்குள் இருந்தால் இயல்பு, 40ஐத் தாண்டினால் கடுமை. படுக்க வைத்து எடுத்த படத்தில் இந்தக் கோணம் குறைவாகக் காட்டும். கால் ஊன்றி நின்று எடுத்த படம்தான் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

நடுமூட்டில் மட்டும் மடங்கியது சுத்தியல் விரல். நடு, நுனி இரண்டிலும் மடங்கி அடிமூட்டு மேலே தூக்கியது கொக்கி விரல். நுனிமூட்டு மட்டும் கவிழ்ந்திருந்தால் நகத்தடியில் ஆணி வரும். பெருவிரல் நேராகவே இருந்து மடங்க மட்டும் மறுப்பது மூட்டு இறுக்கம். வெளியே கோணல் தெரியாததால் பலர் இதைக் கவனிப்பதில்லை.

சுத்தியல் விரல் பெரும்பாலும் செருப்பு, ஷூ, பரம்பரை சமாச்சாரம். எல்லா விரலும் சேர்ந்து கொக்கியானால் நரம்பைச் சந்தேகிக்க வேண்டும். சர்க்கரை நோயும் தொழுநோயும் பாதத்தின் குட்டித் தசைகளுக்குப் போகும் நரம்பைத் தாக்கும். தசை சுருங்கியதும் விரல் கொக்கியாகும். வலி தெரியாத பாதம் ஏன் புண்ணாகிறது என்ற கேள்விக்குப் பதில் தந்தவர்களில் முக்கியமானவர் பால் பிராண்ட். 1914இல் பிறந்து கொல்லிமலையில் வளர்ந்தவர். வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளுக்கு வைத்தியம் செய்த அவர், சதை தானாக அழுகுவதில்லை, உணர்ச்சியில்லாத இடத்தில் அழுத்தம் திரும்பத் திரும்ப விழுவதால்தான் புண் வருகிறது என்று காட்டினார். சர்க்கரைப் பாதத்துக்கும் இது அப்படியே பொருந்தும்.

முதல் படி: வீட்டிலேயே பார்க்க வேண்டியது

காய்ப்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அழுத்தம் தோலில் எழுதிவைத்த எழுத்து அது. இரண்டாம் விரலடியில் ரூபாய் நாணயம் அளவுக்குக் காய்ப்பு இருந்தால் பெரும்பாலும் பெருவிரல் வேலை செய்யவில்லை என்று பொருள். விரல் நுனியில் காய்ப்பு என்றால் கொக்கி. விரல் முதுகில் என்றால் ஷூவின் மேல்தோல் உரசுகிறது. காய்ப்புக்குள் கருஞ்சிவப்புப் புள்ளி தெரிந்தால் அடியில் ரத்தம் கசிந்திருக்கிறது. வீட்டுச் சோதனைகளை அதோடு நிறுத்திவிட்டு அன்றே டாக்டரிடம் போக வேண்டும்.

அடுத்து, விரல் நெகிழ்கிறதா, இறுகிவிட்டதா? பாதத்தைத் தொங்கவிட்டு, விரலடி எலும்புத் தலையைக் கீழிருந்து கட்டைவிரலால் மேல்நோக்கி அழுத்துங்கள். மடங்கிய விரல் தானாக நிமிர்ந்தால் இன்னும் நெகிழ்வு உண்டு. பட்டை, திண்டு, சின்னச் சிகிச்சை எதற்கும் இடமிருக்கிறது. நிமிராவிட்டால் மூட்டே இறுகிவிட்டது. அதைக் கையால் இழுத்து நேராக்கப் பார்ப்பதில் லாபமில்லை, சில நேரம் தோல்தான் கிழியும்.

பெருவிரலின் பலத்துக்கு விசிட்டிங் கார்டு சோதனை. நாற்காலியில் உட்கார்ந்து, முழங்காலும் கணுக்காலும் நேர்கோணத்தில் இருக்க, கார்டின் ஓரத்தைப் பெருவிரல் சதைக்கு அடியில் வைத்து அழுத்தச் சொல்லுங்கள். இன்னொருவர் இழுக்க வேண்டும். மூன்று தடவையும் வழுக்கி வந்தால் பலமில்லை. குதிகாலைத் தூக்கியோ உடம்பை முன்னால் சாய்த்தோ அழுத்துவது கள்ளாட்டம், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

உணர்ச்சிக்கு: கண்ணை மூடச் சொல்லி இரண்டு காலிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை, ஆக 6 இடம், ஆள்காட்டி விரலால் ஒன்றிரண்டு நொடி மெதுவாகத் தொடுங்கள். குத்தவோ தட்டவோ கூடாது. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் தெரியவில்லை என்றால் அந்தப் பாதம் ஆபத்தான பாதம். டாக்டர் 10 கிராம் நைலான் இழையால் இதையே இன்னும் துல்லியமாகப் பார்ப்பார்.

கடைசியாகக் கெண்டைக்கால். சுவரை நோக்கி நின்று, பெருவிரலைச் சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளி வைத்து, குதிகால் எழும்பாமல் முழங்காலால் சுவரைத் தொட முடிகிறதா? முடியாவிட்டால் கணுக்கால் இறுகியிருக்கிறது. விரலை எத்தனை அழகாக நிமிர்த்தினாலும் குதிகால் முன்கூட்டியே எழும்பும், முன்பாதம் அதிக நேரம் பாரம் சுமக்கும். ஏற்காட்டில் ஏற்றமும் இறக்கமுமாக நடந்து காபி பறிப்பவர்கள் இந்தச் சோதனையை விடவே கூடாது.

இரண்டாம் படி: அழுத்தத்தை அளப்பது

நடந்து போகும்போது அழுத்தத்தைப் பதிவு செய்யும் மின்பலகைகள் உண்டு. இன்சோல் போலச் செருப்புக்குள் வைக்கும் தகடுகளும் உண்டு. அளக்கக் கிடைத்தால் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். நிற்கும் படத்தை விட நடக்கும் பதிவு முக்கியம். நிற்கும்போது ஒழுங்காகத் தெரியும் பாதம் உந்தும்போது வேறு முகம் காட்டும். ஒரே ஓர் அடியைப் பதிந்து முடிவு செய்யக் கூடாது, காலுக்கு 3 முதல் 5 அடியாவது வேண்டும். பலகையை மிதிக்க வேண்டும் என்று குறிவைத்து நடந்தால் நடையே மாறிவிடும், பார்வை எதிரே இருக்கட்டும்.

அறிக்கையில் அளவு கிலோபாஸ்கலில் இருக்கும். 200 கிலோபாஸ்கல் என்றால் ஒரு சதுர செ.மீ. தோலில் சுமார் 2 கிலோ. புண் வந்து ஆறிய சர்க்கரைப் பாதத்துக்குச் செருப்புக்குள் உச்ச அழுத்தம் 200க்குக் கீழே இருக்கும்படி பார்த்துக்கொள்வது சர்வதேச வழிகாட்டுதல். வெறுங்காலில் எடுத்த எண்ணை இதோடு ஒப்பிடாதீர்கள், அது பொதுவாகக் கூடுதலாக இருக்கும்.

இயந்திரம் கிடைக்காத இடத்தில் மைத்தடம் போதும். கீழ்ப்பக்கம் மை தடவிய ரப்பர் விரிப்பின் அடியில் தாளை வைத்து, மேலே நடக்கச் சொன்னால் அழுத்தம் கூடிய இடம் கருப்பாக விழும். எண் வராது, வரைபடம் வரும். தேதி எழுதி வைத்துக்கொண்டால் வைத்தியத்துக்கு முன்னும் பின்னும் ஒப்பிடலாம்.

மூன்றாம் படி: செருப்பு

ஹவாய் செருப்பில் பின்பட்டை கிடையாது. அது கழன்று போகாமல் இருக்க ஒவ்வோர் அடிக்கும் விரல்கள் மடங்கிப் பிடிக்கும். கொக்கி விரல்காரருக்கு இதைவிடப் பொருத்தமில்லாத செருப்பு இல்லை. உணர்ச்சி குறைந்தவர்களுக்கு அது கழன்று விழுந்ததே தெரியாது. பின்பட்டையும், மேல்பக்கம் இறுக்கவும் தளர்த்தவும் முடிகிற ஒட்டுப்பட்டையும் உள்ள செருப்பாக இருக்கட்டும்.

வாங்கப் போவது மாலையில், பாதம் சற்று வீங்கியிருக்கும் நேரம். வீட்டிலேயே தாளில் நின்று பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டு வெட்டிக்கொண்டு போங்கள். அந்தத் தாள் ஷூவுக்குள் மடங்காமல் உட்கார வேண்டும். மிக நீண்ட விரலுக்கு முன்னால் 1 முதல் 1.5 செ.மீ. இடம். மிக நீண்டது பெருவிரலாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, பலருக்கு இரண்டாம் விரல். விரல்பெட்டியின் அகலத்தைப் பார்க்கும் பலர் உயரத்தைப் பார்ப்பதில்லை. சுத்தியல் விரலுக்கு உயரம்தான் உயிர். குதி உயரம் 2–3 செ.மீ.க்குள்.

மெத்தையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அழுத்திப் பாருங்கள். தடிமன் பாதியளவு அமுங்கி உடனே எழும்ப வேண்டும். தொழுநோய்ப் பாதங்களுக்கு நம் நாட்டில் பல காலமாகக் கொடுத்துவரும் எம்.சி.ஆர். என்ற நுண்துளை ரப்பர் இந்த மென்மையில் இருக்கும், ரப்பரின் கடினத்தை அளக்கும் அலகில் 15 ஷோர் என்பார்கள். மெத்தை மென்மையாக, அடிப்பகுதி வளையாததாக இருந்தால்தான் பலன். இரண்டும் மென்மையாக இருந்தால் அடி வளைந்து அழுத்தம் பழைய இடத்துக்கே திரும்பும்.

பெருவிரல் இறுக்கத்துக்கும் கடுமையான முன்பாத வலிக்கும் ராக்கர் அடி, அதாவது தொட்டில் கால் போல முன்னால் வளைந்து எழும் அடி. வளைவு எலும்புத் தலைகளுக்குச் சற்றுப் பின்னால் தொடங்க வேண்டும். தலைகளுக்கு முன்னால் தொடங்கினால் பாரம் இறங்காது, ஷூ மட்டும் கனமாகும். சமதளத்தில் இது அருமை. ஏற்காட்டு எஸ்டேட் சரிவில் தடுமாற்றம் தரும். மலையில் வேலை செய்பவர்கள் முதலில் வீட்டு முற்றத்தில் பழகட்டும்.

மலைக்காரர்களுக்கு இன்னொன்று. இறக்கத்தில் பாதம் ஷூவுக்குள் முன்னால் சறுக்கி விரல் நுனி முட்டும். மழைக்காலத்து கம்பூட்டில் விரலுக்கு இடம் உண்டு, கணுக்கால் பிடிப்பு கிடையாது. தடித்த காலுறையும், உள்ளே மேல்பாதத்தை அழுத்தும் ஒரு திண்டும் வைத்தால் சறுக்கல் குறையும். லேஸ் ஷூவாக இருந்தால் இறங்குவதற்கு முன் கணுக்கால் பக்கத்து இரண்டு ஓட்டைகளை மட்டும் இறுக்கிக் கட்டுங்கள், முன்பக்கம் தளர்வாகவே இருக்கட்டும்.

நான்காம் படி: திண்டு வைப்பது

இதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. விரலடி வலிக்கு விற்கும் சின்னக் குமிழ் வடிவத் திண்டை எல்லாரும் வலிக்கிற இடத்துக்கு நேர் அடியில் வைப்பார்கள். அங்கே வைத்தால் வலி கூடும். திண்டு எலும்புத் தலைக்குப் பின்னால், எலும்பின் கழுத்துப் பகுதியைத் தாங்க வேண்டும். தலை முன்னால் காற்றில் நிற்பது போல ஆக வேண்டும்.

சரியான இடத்தைக் கண்டுபிடிக்கச் சாந்துப்பொட்டு போதும். விரலை மேலே தூக்கி, உள்ளங்காலில் துருத்தும் எலும்புத் தலையைத் தடவிக் கண்டுபிடித்து அதன் நடுவில் பொட்டு வையுங்கள். காயும் முன் இன்சோலைத் தரையில் போட்டு ஏறி நிற்க வேண்டும், ஒரே தடவை, நகராமல். இன்சோலில் விழுந்த பொட்டுக்கு 5 முதல் 10 மி.மீ. பின்னால் திண்டின் முன் விளிம்பு வர வேண்டும். உயரம் 5–6 மி.மீ.யில் தொடங்குங்கள். முதல் நாள் ஒரு மணி நேரம், பிறகு தினமும் ஒரு மணி நேரம் கூட்டுங்கள். கூழாங்கல்லை மிதிப்பது போல இருந்தால் திண்டு முன்னால் போய்விட்டது என்று அர்த்தம், 2–3 மி.மீ. பின்னுக்கு நகர்த்துங்கள். பாதவளைவில் அழுத்தினால் பின்னால் போய்விட்டது. உணர்ச்சி குறைந்தவர்களுக்கு இந்த உறுத்தல் எதுவும் தெரியாததால், அவர்கள் தாங்களாக ஒட்டக் கூடாது.

விரல் நுனி தரையில் குத்துகிறது என்றால் விரல்களுக்கு அடியிலுள்ள பள்ளத்தில் உருளையான சிலிக்கான் தாங்கி. நெகிழும் விரலுக்கு மட்டும் இது பயன்படும். பெருவிரலுக்கும் இரண்டாம் விரலுக்கும் நடுவே வைக்கும் பிரிப்பான் உரசலைக் குறைக்கும், கோணலைத் திருத்தாது. அது தடித்திருந்தால் இரண்டாம் விரலை அடுத்த பக்கம் தள்ளி, அங்கே புதுக் கோணல் தொடங்கும். இரவில் கட்டும் பட்டைகளால் பெரியவர்களுக்குச் சாய்வு நிரந்தரமாகத் திரும்பும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

மெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும், சேலம் வெள்ளி ஊர் ஆயிற்றே. இரண்டாம் விரல் மடங்கத் தொடங்கினால் மெட்டி நடுமூட்டுப் பக்கம் ஏறி இறுகும். மரத்த காலில் அதன் அடியில் புண் வந்து சீழ் கட்டியும் தெரியாமல் போகலாம். வாரத்துக்கு ஒருமுறை கழற்றித் தோலைப் பாருங்கள். கழற்ற வரவில்லை என்றால் சோப்பும் நூலும் வைத்து ஒருமுறை முயலலாம்; அதற்கும் வராவிட்டால் வெட்டி எடுத்துவிட வேண்டும். செவ்வாய்ப்பேட்டையில் வேறு செய்துகொள்ளலாம்.

ஐந்தாம் படி: காய்ப்பைச் சீவுவது

தடித்த காய்ப்பு அழுத்தத்தால் வருவது. வந்த பிறகு அதுவே செருப்புக்குள் விழுந்த கல் போல அழுத்தத்தைக் கூட்டும். பயிற்சி பெற்றவர் சீவி எடுத்தாலே அந்த இடத்தின் உச்ச அழுத்தம் ஏறக்குறைய கால் பங்கு குறையும், ஒரு பைசா மருந்தில்லாமல். ஆனால் காரணம் அப்படியே இருந்தால் சில வாரங்களில் மறுபடி வரும். பிளேடு, நகவெட்டி, மருந்துக்கடை ஆணி பிளாஸ்திரி மூன்றும் சர்க்கரைக்காரர்களுக்கு ஆகாது. பிளாஸ்திரியில் இருக்கும் சாலிசிலிக் அமிலம் ஆணி எது, நல்ல தோல் எது என்று பார்க்காது.

ஆறாம் படி: அறுவை என்றால் பாரம் எங்கே போகும்

செருப்பும் திண்டும் மூன்று மாதம் ஒழுங்காகப் போட்டும் வலியோ புண்ணோ நிற்கவில்லை என்றால் அறுவையைப் பற்றிப் பேசலாம். அழகுக்காக மட்டும் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் எலும்பு மூட்டுப் பிரிவானாலும் தனியார் மருத்துவமனையானாலும், டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: “இதுக்கப்புறம் பாரம் எந்த எலும்புக்குப் போகும், டாக்டர்?”

நெகிழும் கொக்கி விரலின் நுனியில் புண் இருந்தால் விரலை மடக்கும் தசைநாணை வெட்டிவிடுவது சின்ன வேலை. மரத்துப்போக ஊசி போட்டு, பருத்த ஊசி முனையாலேயே விரலின் அடிப்பக்கம் நாணை அறுத்துவிடுவார்கள். தையல்கூட வேண்டியிருக்காது. நுனிப் புண் பெரும்பாலும் சில வாரங்களில் ஆறும். பலவீனம் என்னவென்றால், அந்த விரல் விட்ட பாரத்தைப் பக்கத்து விரல் நுனி வாங்கிக்கொள்ளலாம். அதனால் பக்கத்து விரலிலும் காய்ப்பு தொடங்கியிருக்கிறதா என்று முன்னாலேயே பார்க்க வேண்டும். காலில் ரத்த ஓட்டம் இருக்கிறதா என்று பார்க்காமல் எந்த வேலையும் தொடங்கக் கூடாது.

இறுகிய சுத்தியல் விரலுக்கு நடுமூட்டைச் சீவி நேராக்கி, மெல்லிய கம்பியைக் குத்தி 4 முதல் 6 வாரம் விட்டுவைப்பார்கள். கம்பி முனை விரல் நுனியில் வெளியே தெரியும். நனையக் கூடாது, எங்காவது இடித்தால் வளையும், ஒடியும்.

விரலடி எலும்பு நீளமாக இருந்து பாரம் தாங்கினால் அதைச் சாய்வாக வெட்டிப் பின்னுக்குத் தள்ளும் முறை உண்டு, வைல் முறை என்பார்கள். அந்த இடத்தின் அழுத்தம் இறங்கும். ஆனால் விரல் தரையைத் தொடாமல் மிதந்து நிற்பது இதன் பிரபலமான தொல்லை. மிதக்கும் விரல் பாரம் வாங்காது, அதன் பங்கு பக்கத்தில் சேரும். அதிகமாகக் குட்டையாக்கினாலும் வலி அடுத்த எலும்புக்குத் தாவும்.

பெருவிரல் சாய்வுக்கு எலும்பை வெட்டி நகர்த்தும் முறைகள் பல. மிதமான சாய்வுக்கு எலும்புத் தலையருகே, கடுமையானதற்கு நடுவிலோ பாதத்தின் நடுமூட்டை நிரந்தரமாக இணைத்தோ செய்வார்கள். எதுவானாலும் பெருவிரல் எலும்பு எவ்வளவு குட்டையாகிறது, எவ்வளவு மேலே தூக்குகிறது என்ற இரண்டையும் கேளுங்கள். சில மில்லிமீட்டர் தூக்கிவிட்டாலே அது தரையை விட்டுவிடும், இரண்டாம் விரலடியில் புது வலி தொடங்கும். விரல் எலும்பின் அடிப்பகுதியையே வெட்டி எடுக்கும் பழைய கெல்லர் முறையில் நார்ப்பட்டையின் பிடி போய்விடும். விரல் நேராகும், உந்தாது. அதிகம் நடக்காத முதியவர்களுக்குத்தான் இப்போது பெரும்பாலும் செய்கிறார்கள்.

மூட்டை நிரந்தரமாக இணைப்பது கடும் தேய்மானத்துக்கு. மடங்காத விரல் எப்படி நடையைச் சரிசெய்யும் என்று கேட்பார்கள். வலியில்லாமல் கட்டையாக நிற்கும் விரல் பாரம் வாங்கும். வலிக்குப் பயந்து தூக்கிக்கொண்ட விரல் வாங்காது. தரையிலிருந்து 10–15 பாகை மேலே பார்த்து இணைக்க வேண்டும். தட்டையாக இணைத்தால் நுனிமூட்டில் பாரம் குத்தும், அதிகம் தூக்கினால் நகம் ஷூவில் இடிக்கும். இதற்குப் பிறகு குதிகாலைத் தூக்கி விரல்மேல் உட்காருவது முடியாது. கோலம் போடுபவர், தரையில் மண்டியிட்டுத் தொழுபவர், அம்மாப்பேட்டைக் குழித்தறியில் மிதி மிதிப்பவர் இதை முன்னாலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

ஏழாம் படி: அறுவைக்குப் பிறகு நடையைத் திரும்பக் கற்பது

முதல் 2 வாரம் காலை நெஞ்சு மட்டத்துக்கு மேல் தூக்கி வைத்துப் படுப்பதே வேலை. கழிவறைக்கு மட்டும், கெட்டியான அடி உள்ள ஷூவில் குதிகாலை ஊன்றி. தையல் பிரிந்த பிறகு, டாக்டர் சம்மதித்தால், பெருவிரலைக் கையால் மேலும் கீழும் 10 தடவை, ஒரு நாளைக்கு மூன்று நாலு வேளை மடக்க வேண்டும். இணைத்த மூட்டுக்கும் கம்பி குத்திய விரலுக்கும் இது கிடையாது. 6ஆம் வாரம் எக்ஸ்ரே. எலும்பு கூடியிருந்தால் சாதாரண ஷூ. பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு எலும்பு கூடத் தாமதமாகும். வீக்கம் 3 முதல் 6 மாதம் இருக்கும், சிலருக்கு ஒரு வருடம்.

நிமிர்ந்த பெருவிரல் தானாக வேலைக்கு வராது. மாதக்கணக்கில் பாதத்தின் வெளி ஓரத்தில் நடந்து பழகிய மூளை அப்படியே தொடரும். ஷூவின் வெளி விளிம்பு தேய்ந்தால் அதுதான் சாட்சி. பழக்கத்தை மாற்ற, எலும்பு கூடிய பிறகு: சுவரைப் பிடித்து இரண்டு குதிகாலையும் தூக்கி, பெருவிரலடியில் பாரம் இறங்குகிறதா என்று கவனித்து 10 தடவை. உட்கார்ந்து, விரல்களை மடக்காமல் பாதத்தின் வளைவை மட்டும் சுருக்கி 5 நொடி பிடித்து விடுவது. கெண்டைக்காலை 30 நொடி நீட்டுவது, மூன்று முறை. பிறகு சின்ன அடிகளாக, குதிகால், வெளி ஓரம், பெருவிரல் என்ற வரிசையில் மெதுவாக நடப்பது. வேகம் பிறகு வரும். விசிட்டிங் கார்டு சோதனையை வாரம் ஒருமுறை செய்யுங்கள்.

பைக் ஓட்டுபவர்களுக்கு இடது கால் என்றால் கியர் போடும் கால். கியரை மேலே தூக்கும்போது விரல் மேல்பக்கம் அழுந்தும். 6–8 வாரம் ஓட்ட வேண்டாம். வலது கால் பிரேக் கால். அவசரமாக அழுத்தும் பலம் வரும்வரை காரும் வேண்டாம். ஏற்காடு மலைப்பாதை 20 கொண்டை ஊசி வளைவு, பிரேக்கில் பாதி நம்பிக்கை வைத்துப் போகிற இடம் கிடையாது.

மரத்த பாதக்காரர்கள் ஆடி மாதத் தீமிதியையும் வெயில் நேரத்து வெறுங்கால் பிரகாரத்தையும் தவிர்க்க வேண்டும். கோட்டை மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் விடிகாலையில், தரை சூடேறும் முன் போய் வரலாம்.

எட்டாம் படி: மறுபடி அளப்பது

3, 6, 12ஆம் மாதங்களில் அதே பலகையிலோ மைத்தடத்திலோ மறுபடி பதியுங்கள். பழைய கறுப்புப் புள்ளி வெளுத்திருக்கிறதா என்று பார்ப்பது பாதி வேலை. புதிதாக எங்காவது கறுத்திருக்கிறதா என்று பார்ப்பது மறுபாதி. புது இடம் தெரிந்தால் காய்ப்பு வரும் முன்பே திண்டை நகர்த்தலாம்.

சர்க்கரைக்காரர்கள் தினமும் காலையில், நடமாடும் முன், இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் இரண்டு பாதத்திலும் ஒரே இடங்களை அளக்கலாம். பெருவிரல் நுனி, ஒன்று, மூன்று, ஐந்தாம் விரலடி, பாதவளைவு, குதிகால். இரண்டு காலுக்கும் ஒரே இடத்தில் 2.2 டிகிரி செல்சியஸுக்கு மேல் வித்தியாசம் இரண்டு நாள் தொடர்ந்து வந்தால் நடையைக் குறைத்துவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். புண் வெளியே தெரியும் முன்பே சூடு தெரியும்.

பழைய செருப்பைத் தூக்கி எறிய வேண்டாம். அடியில் தேதி எழுதி, பையில் கட்டி வையுங்கள். புதுச் செருப்பு ஆறு மாதம் தேய்ந்த பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்து, பெருவிரல் இடத்தில் அந்த முட்டை வடிவம் விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இரண்டையும் அடுத்த பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டு போங்கள்.